நெஞ்சுக்குள்ளே ஒரு காத்து!

டெல்லியில ராத்திரி பஸ் ஏறினா, காலையில தர்மசாலா. எதிரே பனி போர்த்திய தௌலாதார் மலைத்தொடர். 'ஆஹா'னு வாயைப் பிளக்க வேண்டிய இடம். எனக்கோ நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மலையேறினதால இல்லை பாஸ்... அப்பா மாரடைப்புல போனதிலிருந்தே இப்படித்தான். செமஸ்டர் வந்தா டபுள்! ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். மனசு கேட்டாத்தானே?

ரூம்மேட்தான் 'மென்சீகாங்'குக்கு இழுத்துட்டுப் போனான். திபெத்திய மருத்துவ, ஜோதிடக் கழகம். 1916-ல் பதிமூன்றாம் தலாய் லாமா காலத்தில் லாசாவில் தொடங்கியது. அகதிகளாக வந்தவர்கள் 1961-ல் இங்கே மறுபடி உயிர் கொடுத்தார்கள். 'சோவா ரிக்பா' என்கிற இந்த வைத்தியத்தை 2010-ல் இந்திய அரசு சட்டப்படி அங்கீகரித்தது.

வைத்தியரை 'அம்ச்சி' என்கிறார்கள். என் அம்மா வயசு. மணிக்கட்டில் மூணு விரலை வெச்சு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தூக்கம் வருதா? மனசுல என்ன பாரம்?"னு இந்தியில கேட்டாங்க.

என் பிரச்னைக்குப் பேர் 'லூங்'. அதாவது காற்று. நம்ம ஊர் 'வாதம்' மாதிரி. கவலை, பட்டினி, கண்முழிப்பு இதெல்லாம் லூங்கைக் கலைச்சுவிட, அது நெஞ்சுல ஏறிக்குமாம். ஹாஸ்டல் வாழ்க்கையே அதானே!

எழுதிக் கொடுத்தது 'அகர்-35'. 35 சரக்கு சேர்ந்த பழுப்பு உருண்டை. மென்னு, வெந்நீர் குடிக்கணும். 'அகர்'னா வேற ஒண்ணுமில்லை, நம்ம அகில் கட்டை! கூடவே ஜாதிக்காய், கடுக்காய். பாட்டியின் அஞ்சறைப்பெட்டி இமயமலை ஏறின மாதிரி இருந்தது. சுவரில் நீல நிற மருத்துவ புத்தர். அவர் கையில் இருப்பதும் கடுக்காய்ச் செடிதான்!

"வலி இடது கைக்குப் பரவினாலோ, மூச்சுத் திணறினாலோ இதை நம்பி உட்காராதே. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு"ன்னு கண்டிப்பா சொன்னாங்க அம்ச்சி.

'பாரம் என்ன?'ங்கிற கேள்விக்கு அப்பா கதையைச் சொன்னேன். ரெண்டு வருஷத்துல முதல்முறையா. அழுதுட்டேன். வெளியே வந்தப்போ மாத்திரை டப்பாவைத் திறக்கவே இல்லை. படபடப்பு மட்டும் பாதியா குறைஞ்சிருந்தது.

படியில உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டேன். "அம்மா... அப்பாவைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

அந்தப் பக்கம் அம்மாவும் அதுக்குத்தான் காத்திருந்தாங்க போல.