ஈரறிவு உயிரும் ஆத்துமாவும்

திரேஸ்புரத்தில் வளர்ந்த எனக்கு 'உயிர்' என்பதற்கு முன்பே 'ஆத்துமா' என்ற சொல் பழக்கம். சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத என் தாய்மாமனுக்குக் கல்லறை இல்லை. ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து அவருடைய ஆத்துமா கரையேற வேண்டுமென்று வீட்டில் பூசைக்குப் பணம் கொடுப்பார்கள். சாவுக்குப் பிறகு தொடங்குவதுதான் ஆத்துமாவின் கதை என்று நான் நம்பினேன்.

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் தொல்காப்பிய மரபியல் அந்த நம்பிக்கையை அசைத்தது. அது உயிர்களை அறிவால் வகுக்கிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும் ஈரறிவு, மக்கள் ஆறறிவு. நந்து என்பதற்குச் சங்கு என்றும் நத்தை என்றும் பொருள் உண்டு. மாமா குளித்தெடுத்ததும் உயிர்தான். ஞானோபதேச வகுப்பில் சங்குக்கு ஆத்துமா இருந்ததில்லை.

ஊரின் வரலாறும் என்னை இளக்கியது. 1530களில் இந்தக் கரையின் பரதவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். ஆனாலும் முத்துக் குளிக்கும்போது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி' இல்லாமல், ஞானஸ்நானம் பெற்ற குளிகாரர்களும் கடலில் இறங்கத் தயங்கினார்கள். ஆங்கில அரசே கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ இவ்வழக்கத்தைக் குறித்திருக்கிறார். ஒரு நம்பிக்கை வந்ததும் இன்னொன்று போய்விடுவதில்லை. மூச்சடக்கி ஆழத்துக்குப் போகிறவருக்கு இரண்டும் தேவைப்பட்டன.

என் கேள்வி கரையில் நின்றவர்களைப் பற்றியது. இந்தக் கடலின் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும். அங்கே சுமங்கலிகள் அணிவார்கள். கணவன் இறந்தால் உடைத்தெறிவார்கள். எங்கள் வீட்டில் உடைக்க வளையல் இல்லை. அத்தையின் தாலியைக் கழற்றினார்கள், வெள்ளைச் சேலை கொடுத்தார்கள், நல்ல காரியங்களில் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். முப்பது வயதில் தொடங்கி மீன் கூடை சுமந்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். மாமாவின் ஆத்துமாவுக்கு ஆண்டுதோறும் பூசை நடந்தது. அத்தைக்கு ஆத்துமா இருப்பதாக யாரும் பேசியதே இல்லை.

இருபதுகளில் எல்லாவற்றையும் மறுத்தேன். இப்போது நாற்பதுகளில் அப்படி மறுக்கத் தோன்றவில்லை. மரணத்துக்குப் பின் என்ன என்பதை என்னால் சொல்ல முடியாது. அதைத் தேடுவதும் குறைந்துவிட்டது. தொடுவதையும் சுவைப்பதையும் மட்டுமே அறிந்த சங்குக்கே உயிர் என்று பெயரிட்ட மொழி என்னுடையது. அந்த மொழியில் அத்தைக்கு ஆத்துமா உண்டு. கூடையை இறக்கி வைத்து அவள் இழுத்துவிடும் மூச்சில் இருக்கிறது அது. நித்திய இளைப்பாற்றி இறந்தவர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டாம். அவளுக்கு அது இன்றைக்கே வேண்டும், முட்டுவலி தொடங்கிவிட்டது.