நேற்றைய சூடு

சென்ற மார்கழியில் ஒரு நாள் சுபுஹு தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் முஹல்லாவின் பட்டு வணிகர் ஒருவர் ஸலாம் கூறி என் தோளைத் தொட்டார். அவர் அண்மையில் ஹைபிரிட் கார் ஒன்று வாங்கியிருந்தார். பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது.

“ஹஜ்ரத், காலையில் வண்டியை எடுத்தால் பேட்டரி நிறைந்திருக்கும்போதே இன்ஜின் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. பள்ளிவாசல் வந்து சேரும்வரை நிற்பதில்லை. பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பி வாங்கினேன், ஒன்றும் மிச்சமில்லை. கனடாவில் உங்கள் தம்பி வண்டியைச் சூடாக்கிவிட்டுத்தான் எடுப்பாராமே? நாமும் அப்படி ஒரு ஹீட்டர் பொருத்திக்கொள்ளலாமா?”

நான் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி. மதரஸாவில் பிள்ளைகளுக்கு அரபி இலக்கணம் சொல்லிக்கொடுப்பவன். காரைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் நான் அல்லன். ஆயினும் மர்ஹூம் என் அத்தா முப்பதாண்டு காலம் கார் ஓட்டியவர். இன்ஜினின் சூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அவரிடம் கற்றது. மீதியைக் கற்பித்தது என் தவறு.

அத்தா ஓட்டியது ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் டீசல் அம்பாஸடர். ஆரணியில் நெய்த பட்டுச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு, இருள் பிரியுமுன் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ புறப்படுவார். சாவியைத் திருப்பியவுடன் வண்டியைக் கிளப்ப மாட்டார். முதலில் ஹீட்டர் போடுவார். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் பிறக்கும் வெப்பத்தாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்த வெப்பத்தை உறிஞ்சிவிட்டால் எண்ணெய் எப்படிப் பற்றும்? ஆகவே ஹீட்டர் பிளக் என்னும் சிறு கம்பி உள்ளே பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். அத்தா அதற்குள் ஸலவாத்து ஓதி முடிப்பார்.

1991 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், ஒரு திருமண வீட்டுக்குச் சேலைகளைக் கொண்டு சேர்க்க உதகமண்டலம் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. புல்லின்மேல் உறைபனி உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருந்ததை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்காலத்தில் எங்கள் வண்டியின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான். இரவு தங்குமுன் அத்தா கீழேயிருந்த குழாயைத் திறந்து அத்தனை தண்ணீரையும் வடித்துவிட்டார். உறையும் தண்ணீர் பருத்து இரும்பையே பிளந்துவிடும் என்றார்.

விடியற்காலையில் விடுதியின் வெந்நீர் அண்டாவிலிருந்து இரண்டு வாளி வாங்கி வந்தார். ஒன்றில் பச்சைத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கி, அதைத்தான் முதலில் ரேடியேட்டரில் ஊற்றினார். சற்று நேரம் இன்ஜின்மீது உள்ளங்கையை வைத்தபடி நின்றார். பிறகு அதை வடித்துவிட்டு, மற்ற வாளியிலிருந்து இன்னும் சூடாக ஊற்றினார். முழுச் சூட்டில் ஒரேயடியாக ஊற்றினால் என்ன என்று கேட்டேன்.

“பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவனைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கொதிக்கிற சட்டியில் நூலை எடுத்தவுடன் போடுவானா? வெதுவெதுப்பில் இறக்கி, மெல்ல மெல்லத்தானே சூட்டை ஏற்றுவான்? நூலுக்கே அந்தப் பக்குவம் என்றால், குளிர்ந்த இரும்பில் கொதிநீர் பட்டால் விரிசல் கண்டுவிடாதா?”

பக்கத்தில் இரண்டு வண்டிகள் முக்கி முனகிக்கொண்டிருந்தன. எங்கள் அம்பாஸடர் முதல் திருப்பலிலேயே கிளம்பிற்று. அத்தாவின் முகத்தில் அன்று தெரிந்த பெருமிதத்தை நான் பட்டம் வாங்கிய நாளில்கூடக் காணவில்லை.

இத்தனையும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். 2008 ஜனவரியில் ஒரு நள்ளிரவுக்குப் பின் அத்தாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். முதலாளி பழைய வண்டியை எங்கள் வாசலிலேயே விட்டுவைத்திருந்தார். அத்தாவைப் பின் இருக்கையில் அம்மாவின் மடியில் சாய்த்துவிட்டு, பதற்றத்தில் சாவியை முழுவதும் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மீண்டும் திருப்பினேன், மீண்டும். பழைய பேட்டரியின் குரல் கம்மிக்கொண்டே வந்து அடங்கிற்று. அப்போது பின்னாலிருந்து, திணறலுக்கு நடுவே, அத்தா கேட்டார்:

“ஹீட்டர் போட்டாயா?”

போடவில்லை. தெருவில் உறங்கிக்கொண்டிருந்த நெசவாளர் வீடுகளின் கதவைத் தட்டினேன். ஏழெட்டுப் பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தெருக்கோடிவரை தள்ளினார்கள். வண்டி கிளம்புவதற்குள் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அல்லாஹ்வின் அருளால் அத்தா பிழைத்தார்; பதினோராண்டுகள் எங்களோடு இருந்தார். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி ஒருநாளும் அவர் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

தம்பி 2013-இல் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் பிழைக்கப் போனான். அங்கே குளிர்காலத்தில் வெப்பம் சைபருக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்குவதுண்டு. கார்களின் முன்புறத்தில் மின்கம்பி தொங்கும். வாகன நிறுத்தங்களில் மின்சாரச் செருகிகளோடு வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். வண்டியைக் கட்டிப்போட்டு மின்சாரம் ஊட்டுகிறார்கள் என்று அவன் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்ஜினையும் அதன் கூலன்டையும் இளஞ்சூடாக்கும் ஹீட்டர் அது. இரவெல்லாம் ஓடவிடுவது வீண். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இயங்கும்படி டைமர் வைத்தால் போதும் என்பதே அந்நாட்டு அரசின் அறிவுரை.

அவன் வாங்கியது பழைய டொயோட்டா பிரியஸ், 2007-ஆம் ஆண்டு வண்டி. வட அமெரிக்காவில் விற்ற அந்தத் தலைமுறைப் பிரியஸில் ஒரு விந்தை இருந்தது. ஏறத்தாழ மூன்று லிட்டர் கொள்ளும் பிளாஸ்க் ஒன்றை உள்ளே பொருத்தியிருந்தார்கள். நாம் நோன்பு நாட்களில் தேநீர் ஊற்றி வைக்கிறோமே, அதே தத்துவந்தான்: இரண்டு சுவர்கள், நடுவே காற்றில்லா வெற்றிடம். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்னும் அறிஞர் கண்டது. நேற்று ஓடிய இன்ஜினின் சூடான கூலன்டை இந்தப் பிளாஸ்க் பத்திரப்படுத்தி வைக்கும். மூன்று நாட்கள் வரை சூடு நிற்கும். மறுநாள் வண்டியை உயிர்ப்பித்ததும், இன்ஜின் சுழலுமுன் ஒரு சிறு பம்பு அந்தச் சூட்டை இன்ஜினின் தலைக்கு ஏற்றிவிடும்.

தொலைபேசியில் இதைக் கேட்ட அத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அண்டாவைத் தேடி ஓடாமல், வெந்நீரை வண்டியிலேயே வைத்துவிட்டான்!” என்றார். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தம்பி அழைக்கும்போது, ஸலாமுக்கு அடுத்தபடி அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “ஹீட்டர் போட்டாயா?” அங்கே காலை ஆறரை, நமக்கு மாலை ஆறு. அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவேன்.

நிற்க. பட்டு வணிகருக்குப் பதில் சொல்ல வேண்டுமே! பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து இயன்றவரை விளக்கினேன்.

பெட்ரோல் ஆவியானால்தான் ஒழுங்காக எரியும். குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஈடுசெய்யக் கூடுதலாகப் பெட்ரோல் செலுத்த நேர்கிறது. புகைக்குழாயில் நச்சைப் போக்கும் கருவியும் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். ஆகையால் ஹைபிரிட் வண்டி, பேட்டரி நிறைந்திருந்தாலும், இன்ஜினைத் தானே ஓட்டிச் சூடேற்றிக்கொள்கிறது. சூடேறிய பிறகே அதை அடிக்கடி நிறுத்தி மோட்டாரால் ஓடும். மிச்சம் அங்கேதான் தொடங்குகிறது. இவர் வீட்டிலிருந்து பள்ளிவாசல் அரைக் கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் வண்டி வந்து நின்றுவிடுகிறது. மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

“அப்படியானால் ஹீட்டர் தேவைதானே?” என்றார் விடாமல்.

தேவையில்லை என்றேன். நம் ஆரணியின் மார்கழிக் குளிர், வின்னிபெக்காரருக்குக் கோடைக்காலம். அங்கே ஹீட்டர் இல்லாவிட்டால் வண்டி கிளம்புவதே ஐயம். இங்கே சில நிமிடம் நிதானமாக ஓட்டினால் தானே சூடேறும். நின்ற இடத்தில் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் வீண். விடியலில் தெரு நெடுகப் பாவு விரித்துக் கஞ்சி போடும் நெசவாளியின் முகத்தில் புகை விடுவதுதான் மிச்சம். அந்தத் தெருக்காரர்கள் ஒருநாள் என் வண்டியைத் தள்ளியவர்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொன்னேன். புதிய வண்டியில் வெளியாளைக் கொண்டு எதையாவது வெட்டி ஒட்டினால் உத்தரவாதம் கேள்விக்குறியாகும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

மறு வாரமுதல் அவர் சுபுஹுக்கு நடந்து வரலானார். என் பேச்சாலா, மருத்துவர் பேச்சாலா, நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலூரில் எங்கள் இருவருக்குமே வேலை இருந்தது. அதே காரில் போனோம். திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் நிறுத்தி, அஸர் தொழுது, தேநீர் அருந்தி வர அரை மணி நேரம் ஆயிற்று. அவர் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் ஓசையே எழவில்லை; வண்டி மோட்டாராலேயே வழுக்கிக்கொண்டு சாலைக்கு ஏறிற்று.

“ஹஜ்ரத், பார்த்தீர்களா?” என்றார்.

“சூடு இன்னும் இருக்கிறது” என்றேன்.