கண்ணில் கோளாறு இல்லை

என் மானிட்டரை நம்பி ஒரு பையனின் கண்ணைச் சந்தேகப்பட்டேன். சந்தேகத்தை அவனிடமே சொல்லவும் செய்தேன். கோளாறு என் பக்கம்தான் என்று தெரிந்த பிறகும் பல மாதம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விமான சிமுலேட்டர் மீது எனக்குத் தீராத ஆசை. 1982-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் ஃப்ளைட் சிமுலேட்டரில் நிலம் என்பது சில கோடுகள்தாம். 2020 ஆகஸ்டில் வந்த பதிப்போ வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து உலகத்தையே விரித்துக் காட்டியது. கோவை பீளமேட்டில் கிளம்பி மேற்கே திரும்பிப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போனால் வலப்பக்கம் நீலகிரி, இடப்பக்கம் ஆனைமலை. பிறந்து வளர்ந்த ஊரை நான் மேலே இருந்து பார்த்தது அப்போதுதான். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை.

ஆனால் படம் வெளிறித் தெரிந்தது. இரவில் பறந்தால் காக்பிட்டின் இருட்டு கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் நின்றது. கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் புதுசு வாங்கினேன். வெளிறல் அப்படியே இருந்தது. பணம் வீண் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது படம் பளிச்சென்று ஆகியே தீர வேண்டும் என்று மானிட்டர் பொத்தான்களில் இறங்கினேன். கான்ட்ராஸ்ட்டை மேலே ஏற்றினேன். படத்தைப் பளபளப்பாக்கும் ‘விவிட்’ மோடைப் போட்டேன். ஷார்ப்னஸ் முழுசாக. டிரைவரில் நிறச் செறிவையும் கூட்டினேன். வானம் கருநீலமானது, வயலெல்லாம் பச்சைப் பசேல் என்றானது. வீட்டுக்கு வந்தவர்கள் “அடேயப்பா” என்றார்கள். அந்த ஒரு சொல் எனக்குத் தேவைப்பட்டது.

எதிர்வீட்டுப் பையன் அப்போது பிளஸ் டூ. பைலட் ஆக வேண்டும் என்பது அவன் கனவு. என்னை மாமா என்று கூப்பிடுவான். என் செட்டிங்ஸை அப்படியே அவன் மானிட்டரிலும் வைத்துக் கொடுத்தேன். சில நண்பர்களுக்கும் எழுதி அனுப்பினேன்.

ரன்வே ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். ‘பாப்பி’ என்பார்கள். வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் சரியாக இறங்கினால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நான்கும் வெள்ளை என்றால் ரொம்ப உயரத்தில் இருக்கிறோம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. பையன் ஒவ்வொரு முறையும் தாழ இறங்கினான். நான் கடிந்துகொண்டேன். “மாமா, சிவப்பே தெரியல. எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு” என்றான். நான் சொன்னது இதுதான்: “எனக்குத் தெரியுதே. உன் கண்ணுலதான் ஏதோ இருக்கு. பைலட் மெடிக்கல்ல கலர் டெஸ்ட் உண்டு, தெரியும்ல?”

எனக்கும் தெரியவில்லை. அதுதான் உண்மை. உயரமானியைப் பார்த்தே இறங்கிப் பழகியிருந்தேன். விளக்கை நம்பியதே இல்லை. அதை மறைத்துக்கொண்டு, தெரிகிறது என்று பதினேழு வயதுப் பையனிடம் பொய் சொன்னேன். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா பிறகு சொன்னார். அப்பா கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் அவனுக்குள் பயம் உட்கார்ந்துவிட்டது. சிமுலேட்டரைத் திறப்பதையே நிறுத்திவிட்டான்.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒருமுறை வந்திருந்தார். காலண்டர் அச்சில் நிறம் பார்த்தே வாழ்ந்தவர். திரையைப் பார்த்து, “மாப்ள, இந்த மலை எவ்வளவு தூரம்?” என்றார். இருபது கிலோமீட்டர் இருக்கும் என்றேன். “அப்புறம் ஏன் எதிர்வீட்டுச் சுவர் மாதிரி நிக்குது?” என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மேற்கே நிஜ மலை. வெளிர் நீலத்தில், விளிம்பு கரைந்து. இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறத்தான் செய்யும். அந்த வெளிறலை வைத்துத்தான் கண் தூரத்தை அளக்கிறது. சிமுலேட்டர் செய்தவர்கள் அதைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் அழித்திருந்தேன். தினமும் துணி காயப்போடும் மாடியில் இருந்து தெரிகிற மலையை ஒருநாளும் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கறுப்பில் இருந்து வெள்ளை வரை படிப்படியான கட்டங்கள் உள்ள படம் ஒன்றைத் திரையில் போட்டார். கறுப்புக் கட்டம் கறுப்பாக இல்லை. வெள்ளைப் பக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வெள்ளையாகிவிட்டிருந்தன. காரணம் எளிது. கணினி நிறத்தை 0 முதல் 255 வரை எண்ணுகிறது. டிவி மரபில் கறுப்பு 16, வெள்ளை 235. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்ட டிரைவர் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பியது. முழு அளவை எதிர்பார்த்த மானிட்டர் அந்த 16-ஐச் சாம்பலாகக் காட்டியது. கார்டை மாற்றினாலும் கேபிளும் அமைப்பும் அதேதானே? அதற்கு மேல் நான் கான்ட்ராஸ்ட்டை ஏற்றியதில் பிரகாசமான நிறங்கள் உச்சியில் முட்டி வெளுத்தன. பாப்பியின் சிவப்பு போனது அப்படித்தான்.

பளிச்சென்று இருந்தால்தான் நிஜம் என்று நினைத்திருந்தேன். விமானிகளுக்குப் பயிற்சி தரும் உயர்ந்த தரமான நிலை-டி சிமுலேட்டர்களுக்கு விதிகள் கேட்கும் குறைந்தபட்சப் பிரகாசம் சதுர மீட்டருக்கு 20 காண்டெலாதான். சாதாரண மேசை மானிட்டரே 250 அளவுக்குத் தரும்.

மச்சான் கிளம்பியதும் எல்லாவற்றையும் சரிசெய்தேன். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெளிவாகத் தெரிந்தன. அப்போதே தெருவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பரிசோதனையில்தான் கண் நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டதே, இனி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பையன் பார்த்தும் பார்க்காதமாதிரி சைக்கிளில் கடந்து போவான். நானும் பேசாமல் இருந்தேன். பெரிய மனுஷன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளையின் பயத்தை நீடிக்கவிட்டேன். கார்டு வாங்கிய பணத்தைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

போன வாரம் அவனிடமும் அவன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம், நியாயமான கோபம். பையன் ஒன்றும் பேசாமல் தன் மானிட்டரைப் போட்டான். நான் வைத்ததை நானே மாற்றிக் கொடுத்தேன்.

என்னிடம் அந்தக் குறிப்பை வாங்கிய நண்பர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். இன்றே மானிட்டரை ரீசெட் செய்யுங்கள். டிரைவரில் நிற வரம்பை ‘ஃபுல்’ என்று வையுங்கள், எஸ்.ஆர்.ஜி.பி. மோடு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் நிற வெப்பநிலை 6500, காமா 2.2. நிறச் செறிவை ஏற்றியிருந்தால் பழைய நிலைக்கு இறக்குங்கள். முடியாதவர்கள் கூப்பிடுங்கள், நானே வந்து மாற்றித் தருகிறேன்.