கூடம் கோணலாகவே இருந்தால்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" பிள்ளைகளின் வாயை அடைக்க, பள்ளிகளில் இதைவிட வசதியான பழமொழி வேறில்லை. கையெழுத்துக் கோணினால், அளவு பிசகினால், பெஞ்சில் நெளிந்தால், உடனே இதை எடுத்து வீசுவர். சொன்னவர் சிரிப்பார், கேட்ட பிள்ளை தலை குனியும். தோழர்களே, நாம் ஒன்று கேட்கிறோம்: அந்தக் கூடத்தை அளந்து பார்த்தவர் யார்? அது உண்மையிலேயே கோணலாக இருந்தால்?

கோயில் வாசலில் மட்டும் கேட்பதற்கன்று பகுத்தறிவு. வகுப்பறையில் கிடக்கும் அளவுகோலைப் பார்த்தும் 'ஏன்?' என்று கேட்பதே பகுத்தறிவு.

ஆறாம் வகுப்பில் 7 செ.மீ. நீளக் கோடு ஒன்றைக் கொடுத்து அளக்கச் சொன்னோம். பலர், சொல்லி வைத்தாற்போல, ஆறரை என்றனர். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால், கவனக்குறைவு ஆளுக்கு ஆள் மாறுபடும்; ஒருவன் கூட்டுவான், ஒருத்தி குறைப்பாள். அத்தனை பேரும் அதே அரை செ.மீ. தவறினர் எனில், பிழையின் பிறப்பிடம் பிள்ளைகளன்று. கோலை வாங்கிப் பார்த்தோம். சுழியம் முனையில் இல்லை, அரை செ.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது! முனை தேய்ந்தாலும் அளவு கெடாதிருக்க விட்ட இடம் அது, நல்ல காரணந்தான். ஆனால், 'இங்கிருந்து தொடங்கு' என்று உணர்த்த ஓர் அம்புக்குறிகூட இல்லை. குறி போடாதவர் கோல் செய்தவர். மதிப்பெண் இழப்பவர் மாணவர். இதுவா நீதி?

பெஞ்சைப் பாருங்கள்! ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கும் பத்தாம் வகுப்பு இளைஞனுக்கும் ஒரே உயரம். ஒருவனுக்குக் கால் தரையில் படாது. மற்றவனுக்கு முழங்கால் மேசையில் இடிக்கும். இருவரும் நெளிவர். "அடக்கமில்லாத பிள்ளைகள்!" என்று தீர்ப்பு வரும். பெஞ்சை வாங்குவோர் அதில் உட்காருவதில்லை. உட்காருவோரை எவரும் கேட்பதில்லை.

அந்தப் பெஞ்சின் நடுவில், இடக்கையால் எழுதும் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவள் முழங்கை, இடப்பக்கத் தோழியின் வலக்கையில் மோதும். வீட்டிலோ, சோற்றுக்கை உயர்ந்தது, நொட்டாங்கை இழிந்தது என்ற பழைய பாடம். வகுப்பில் ஏச்சு, வீட்டில் அடி. விடைத்தாளில் பாதியோடு நிறுத்திவிடுவாள். ஏனம்மா என்றோம். "எனக்குத்தான் எழுத வரலீங்க, ஐயா" என்றாள். பலகை செய்த குற்றத்தைப் பாலகி தன் தலையில் ஏற்றுக்கொண்டாள்! உலகில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவர் இடக்கையர். எனினும், கல்லூரி நாற்காலிகளிலும் எழுதுபலகை பெரும்பாலும் வலப்புறமே. மூடநம்பிக்கை மனத்தில் மட்டுமா குடியிருக்கிறது? மரத்திலும் இரும்பிலும் அச்சாகி நிற்கிறது!

அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன், அன்றாடப் பொருள்களின் வடிவமைப்புப் பற்றி 1988இல் எழுதிய நூலில் இதைத்தான் விளக்கினார். பொருளைக் கையாள முடியாதபோது மனிதர் தம்மையே நொந்துகொள்கின்றனர். குறையோ பெரும்பாலும் அதன் அமைப்பில் இருக்கிறது என்றார். விதியை நம்பிக் கிடப்பவனின் மனநிலையும் இதுதானே? சமுதாயம் செய்த பிழையைத் தன் தலையெழுத்து என்பான் அவன்.

நமக்கு இது புதிய பாடமன்று. ஒரு காலத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள், வரிசையின் பொது வடிவத்துக்கு அடங்காமல் தனித்தனி உருவில் நின்றன. திணறிய பிள்ளையை மக்கு என்றனர். மக்கு பிள்ளையன்று, முறையே கோணல் என்று கண்டவர் பெரியார். 1935இல் 'குடிஅரசு' ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. தமிழ் அழிந்ததா? இல்லை! பிள்ளையின் சுமை குறைந்தது. எழுத்தையே மனிதனுக்காகத் திருத்தலாம் எனில், பெஞ்சைத் திருத்தலாகாதா?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பர். எல்லாத் திருத்தமும் பணம் கேட்பதில்லை. இடக்கைப் பிள்ளையைப் பெஞ்சின் இடக்கோடியில் அமர்த்தக் காசு வேண்டாம். அந்தச் சிறுமியை அங்கே அமர்த்தினோம், இடித்தல் நின்றது, அவள் விடைகள் முழுமை பெற்றன. அளவுகோலில் சுழியத்தின்மேல் மையால் ஒரு புள்ளி இட ஒரு நொடி போதும். கால் எட்டாத சிறுவனுக்குக் காலடியில் ஒரு பலகைத் துண்டு போதும். புதிதாக வாங்கும்போது, இரண்டு மூன்று உயரங்களில் வாங்குங்கள் என்று கேட்க நாவு போதும்.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா? கூடாது என்பதே நம் கொள்கை. ஆகவே, ஆசிரியத் தோழர்களே, ஒருநாள் ஒரு பாடவேளை முழுவதும் உங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். அங்கிருந்து கரும்பலகையைப் பாருங்கள், அங்கிருந்தே எழுதுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள், திருந்த வேண்டியது பிள்ளையா, பெஞ்சா என்று!