உச்சிப்புளி மணலில் ஒரு மஞ்சள் பூ

நவம்பர் 11, உச்சிப்புளி

ஐப்பசி மழை நன்றாகவே பெய்திருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய மணலில் முழங்கால் உயரச் செடிகள், மஞ்சள் பூ, நான்கு இதழ், நிமிர்ந்த மெல்லிய காய். உடன் வந்த மாணவி குறிப்பேட்டில் "கடுகுக் குடும்பம்" என்று எழுதியே விட்டாள். கடுகுப் பூவின் இதழ்கள் சிலுவையாக நாலு பக்கமும் விரியும். இதில் நான்கும் மேல்பக்கமே ஒதுங்கி நிற்கின்றன. தண்டைத் தொட்ட விரல் பிசுபிசுத்தது. நாற்றம் வேறு.

விறகு பொறுக்க வந்த அப்பத்தா, "நாய்வேளைதானய்யா இது. காதுவலிக்குச் சாறு விடுவாக" என்றார். காதில் விடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நவம்பர் 12

இரவு லென்சில் பார்த்தோம். ஒரு பூவில் 14 மகரந்தத் தாள், இன்னொன்றில் 18. கடுகுக்கு ஆறுதான்: நான்கு நெட்டை, இரண்டு குட்டை. காயைப் பிளந்தால் கடுகில் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். இதில் இல்லை. தீர்ந்தது: கிளியோம் விஸ்கோசா. லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர்.

நவம்பர் 13

தீரவில்லை. குடும்பம் எது என்று மாணவி விடாமல் கேட்கிறாள். கேம்பிள் தன் சென்னை மாகாணத் தாவர நூலில் இதை விழுதி, ஆதொண்டையோடு சேர்த்தார். 1998இல் வந்த மரபணு வழி வகைப்பாடு அந்தக் கூட்டத்தையே கடுகுக் குடும்பத்துக்குள் கொண்டுபோனது. 2009இல் அதே வகைப்பாட்டின் திருத்தம் கிளியோமேசி என்று இதைத் தனிக்குடித்தனம் வைத்தது. 2005இல் எழுதியிருந்தால் மாணவிக்கு முழு மதிப்பெண்! எனக்குப் பிந்தைய முடிவே சரியாகப் படுகிறது. அந்தச் சவ்வை அவ்வளவு லேசாக ஒதுக்க முடியாது.

நவம்பர் 15, மண்டபம்

கரையோரம் உகா மரம், சங்கஞ்செடி. குடும்பம் வேறானாலும், அதற்கு மேல்படியான வரிசையில் இவையும் கடுகோடுதான், வீட்டு முருங்கையும்கூட. கடுகுக்குக் காரம் தரும் கந்தகச் சேர்மங்கள் இந்த வரிசையின் பொதுச் சொத்து. கார்வால் மலையில் நாய்வேளை விதையை ஜக்கியா என்று சொல்லி எண்ணெயில் தாளிக்கிறார்கள். டீக்கடையில் இதைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

அழுத்தி வைத்த நாய்வேளைச் செடி செய்தித்தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளை தாள் மாற்ற வேண்டும். முற்றிய காய் இரண்டேனும் எடுக்க வேண்டும்.