அது நம்ம பேருல்லா

எட்டு வயதில், வாசலில் சோறு கேட்டு நின்ற ஒருவரைப் பார்த்து, தெருவில் கற்றுவந்த சூடு ஆறாமல் “பரதேசி” என்றேன். ஆச்சி அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு வந்து, “ஏல, அது நம்ம பேருல்லா?” என்றாள்.

அந்தச் சொல்லை அன்றிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் அது வசை. தமிழ் வேதாகமத்தில், பெரியவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ராஜாவான தாவீதின் சங்கீதத்தில் வருகிறது. பேதுரு தன் நிருபத்தில் விசுவாசிகளை அப்படித்தான் அழைக்கிறார். அந்நிய ஊரில் தங்கியிருப்பவனுக்குக் கிரேக்கத்தில் ‘பரோய்கோஸ்’ என்று பெயர்; ஆங்கிலத்தில் ஊர்ச்சபையைக் குறிக்கும் ‘பாரிஷ்’ அந்த வழியில் வந்த சொல்தான். வந்து தங்கினவர்களின் கூட்டம் என்பது அதற்குள் இன்னும் இருக்கிறது.

நாற்பத்தொன்பது வயதில் நான் சொந்த வீடு கட்டினேன். ஐயர் வந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். உறவெல்லாம் சாப்பிட்டுப் போனது. அன்றிரவு பெயிண்ட் வாடையில் தூக்கம் வராமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷம் ஏங்கிய வீடு கைக்கு வந்துவிட்டது, ஏக்கம் அப்படியே இருந்தது. நன்றிகெட்டவன் என்று என்னையே கடிந்துகொண்டேன். பிறகு, பிள்ளைப்பிராயத்தைத்தான் மனசு தேடுகிறதோ என்று பஸ் ஏறி ஊருக்குப் போனேன். ஓட்டு வீடு நின்றது, வேம்பும் நின்றது. அங்கேயும் தீரவில்லை.

திரும்பி வந்த வாரம்தான் ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தைப் படித்தேன். எத்தனையோ முறை புரட்டிப்போன பக்கம். சாராள் 127 வயதில் இறந்துபோகிறாள். ஆபிரகாம் அழுகிறார், எழுந்து ஏத்தின் புத்திரரிடம் வருகிறார், தன்னை அந்நியன், பரதேசி என்று சொல்லிக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறார். ஆரானைவிட்டுப் புறப்படும்போது அவருக்கு 75 வயது, இப்போது 137. அறுபத்திரண்டு வருஷம் வாழ்ந்தும், தேவன் அவருக்கென்று வாக்களித்த அந்தத் தேசத்தில் மனைவியை அடக்கம்பண்ண ஒரு சாண் நிலம் சொந்தமில்லை.

அவர் கேட்ட நிலத்தின் சொந்தக்காரன் எப்பெரோன் முதலில் அதைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். அடுத்த பேச்சில், நமக்குள்ளே அதெல்லாம் பெரிதா என்கிற தோரணையில் 400 சேக்கல் என்று விலையையும் சொல்லிவிடுகிறான். ஆபிரகாம் பேரம் பேசவில்லை, வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். அவருக்கு உறுதியான சொத்து இன்னதென்று வேதம் பத்திரம்போல எழுதிவைக்கிறது: நிலம், அதிலுள்ள மக்பேலா குகை, எல்லையைச் சுற்றி நின்ற மரங்கள். அந்த மரங்களில் என் கண் நின்றுவிட்டது. நிலையான நகரத்துக்குக் காத்திருந்தவரின் கிரயத்தில் மரங்களும் விடுபடவில்லை. அவர் விலைகொடுத்து வாங்கியதாக ஆதியாகமத்தில் நாம் படிக்கும் நிலம் அந்தக் கல்லறை ஒன்றுதான்.

விட்டுவந்த தேசம்தான் அவர் மனதில் இருந்திருந்தால் திரும்பிப்போக வழியிருந்தது என்கிறார் எபிரெய நிருபக்காரர். அந்த இடத்தில் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நான் பஸ் ஏறிப் போய்த் தேடியது பின்னால் இல்லை. இன்னும் பார்த்திராத வீட்டுக்காகவும் மனுஷனுக்கு வீட்டு நினைவு வருகிறது.

அப்படி ஏங்குகிறவன் கையிலிருப்பதை வெறுத்துவிட மாட்டானா? ஜான் பன்யனை நினைத்துக்கொள்கிறேன். பாத்திரம் பழுதுபார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாததால் 1660 முதல் பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தார். வெளியே மனைவி, பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அவளை நினைக்கும்போதெல்லாம் உள்ளம் உடைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1678இல் வெளிவந்த மோட்சப் பிரயாணத்தில் நாயகன் மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சிறுவயதில் அந்த இடம் என்னைப் பயமுறுத்தும். ஆனால் பன்யன் அவர்களை அங்கேயே விட்டுவிடவில்லை. 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கூட்டிவந்தார். தமிழில் அந்தக் கதையைக் காவியமாக்கிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதற்கு ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று பெயரிட்டார். யாத்திரை போகிறவனும் பரதேசிதானே.

ஆச்சி கடைசிவரை வாடகை வீடுகளில்தான் இருந்தாள். எந்த வீடானாலும் சனிக்கிழமை சாயங்காலம் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, வாசலைக் கழுவிவிட்டுவிடுவாள். ஒரு வீட்டில் முருங்கைகூட நட்டாள். அவள் போனபிறகு அவளுடைய பாமாலைப் புத்தகத்துக்குள் மடித்துவைத்த ரசீது ஒன்று இருந்தது. கல்லறைத் தோட்டத்தில், தாத்தாவுக்குப் பக்கத்தில், தனக்கென்று இடம் ஒதுக்கப் பணம் கட்டியிருக்கிறாள்.