களமும் தீர்வையும்

(ஒரு முன்னாள் மாணவி)

ஞானோபதேச வகுப்பில் ‘பொதுத்தீர்வை’ என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் தீர்வை என்றால் நிலத்தீர்வைதான். அறுவடை முடிந்ததும் அப்பா பணத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, ரசீதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஆண்டவரும் உலக முடிவில் எல்லாரிடமும் அப்படி ஏதோ வசூலிப்பார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். வளர்ந்த பிறகு பொருள் விளங்கிற்று. கூடவே பயமும் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு, தை மாதம். வெண்ணாற்றங்கரையில் எங்கள் களம். இன்றைய மாணவிகள் பலர் களத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். இப்போது இயந்திரமே வயலில் இறங்கி, அறுத்து, அடித்து, நெல்லைத் தனியாக்கிக் கொடுத்துவிடுகிறது. அன்று கதிர்க்கட்டுகளைக் களத்தில் கையால் அடிப்பார்கள். வைக்கோலில் ஒட்டியிருக்கும் மணிகளுக்காக அதைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்க விடுவார்கள். பிறகு காற்றுப் பார்த்து முறத்தால் தூற்றுவார்கள். பதர் பறக்கும், நெல் காலடியில் குவியும். கடைசியில் கூலி அளப்பார்கள்.

மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்பதில்லை, ‘லாபம்’ என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். அன்று எண்ணிச் சொல்லும் பொறுப்பை அப்பா என்னிடம் ஒப்படைத்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வயதான ஓர் ஆயாவுக்குச் சில நாள் கூலியைச் சேர்த்து அளந்துகொண்டிருந்தபோது தம்பி ஏதோ கேட்டான். அவனைத் திரும்பிப் பார்த்தேன். ‘நாலு’ என்று சொன்னவள், அடுத்த மரக்காலுக்கு ‘ஆறு’ என்று சொல்லிவிட்டேன்.

“பாப்பா, அஞ்சு விட்டுப் போச்சே” என்றார் ஆயா.

தவறு அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “இல்லை, சரியாகத்தான் சொன்னேன்” என்றேன். ஆயா மறுபேச்சுப் பேசவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மரக்கால் நெல் குறைந்தால் எங்கள் குதிருக்குத் தெரியாது. அவர் அடுப்புக்குத் தெரியும்.

தவக்காலத்தில் பள்ளியில் தியானம் நடந்தது. யோசபாத்துப் பள்ளத்தாக்கில் மனுக்குலம் முழுவதும் தீர்வைக்கு நிற்கும் காட்சியைக் குருவானவர் விவரித்தார். அந்தக் கூட்டத்தில் ஆயாவும் வெறுங்கூடையுடன் நிற்பதாக எனக்குத் தோன்றியது. இரவில் தூக்கம் வரவில்லை. மறுநாள் சிஸ்டரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பாவசங்கீர்த்தனம் செய். ஆனால் அந்த நெல்லும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்” என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு மரக்கால் நெல்லை அளந்து, “நீயே கொண்டுபோய்க் கொடு” என்றார். ஆயா அதை வாங்கிக்கொண்டு, “நெல்லு போனா போவுது பாப்பா. அன்னையிலேருந்து நீ என் மூஞ்சியைப் பாக்காம போனே பாரு, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்திச்சு” என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விவிலிய வகுப்பில் ‘ஹாரூட்ஸ்’ என்னும் எபிரேயச் சொல்லை அறிந்தேன். யோவேல் ஆகமத்தின் கடைசி அதிகாரத்தில், யோசபாத்துப் பள்ளத்தாக்கைச் சொன்ன பிறகு, ‘ஹாரூட்ஸ் பள்ளத்தாக்கு’ என்று ஒரே வசனத்தில் இருமுறை வருகிறது. தீர்ப்பு என்ற பொருளில் இச்சொல் வருவது மிக அரிது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைத் தீர்ப்பின் பள்ளத்தாக்கு என்றது. புனித எரோணிமுஸ் இலத்தீனில் வெட்டுதலின் பள்ளத்தாக்கு என்று எழுதினார். இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அடியில் கூரிய கற்களோ இரும்புப் பற்களோ பதித்து, களத்தில் மாடுகள் இழுத்துச் செல்லும் போரடிப் பலகைக்கும் ஹாரூட்ஸ் என்றே பெயர். வெட்டுவது என்பதே இதன் வேர்ப்பொருள். நம் தமிழிலும் ‘அறு’ என்ற ஒரே வேரிலிருந்துதானே அறுவடையும் வருகிறது, அறுதியும் வருகிறது!

அந்தப் பலகையைப் பற்றி இறைவாக்கினர் இசையாஸ் அழகாகச் சொல்லுகிறார். கருஞ்சீரகத்தின்மேல் யாரும் அதை ஓட்டுவதில்லை, கோலால் தட்டுவார்கள். சீரகத்தையும் அப்படியே தடியால் தட்டுவார்கள். அப்பத்துக்கான தானியத்தைக்கூட நொறுங்கிப்போகும்படி ஓயாமல் போரடிப்பதில்லை. உழவனுக்கு இந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொடுத்தவரே கடவுள்தான் என்கிறார். அப்படியானால் கடவுளின் தீர்ப்பும் நெல்லை அழிப்பதற்கன்று, நெல்லை எடுப்பதற்கே.

ஆனால் ஆமோஸ் ஆகமத்தில் அதே சொல் வேறு முகம் காட்டுகிறது. தமஸ்கு நாட்டார் இரும்புப் பலகையால் கிலேயாத்து மக்களைப் போரடித்தார்கள் என்று கடவுள் அவர்களைத் தண்டிக்கிறார். மனிதரைப் போரடிப்பவர்களை அவர் பொறுப்பதில்லை. உழைத்தவரின் கூலியில் ஒரு மரக்காலைக் குறைத்துவிட்டுச் சாதித்த என் நாக்கும் அந்தப் பலகையில் ஒரு சிறு பல்தான்.

அன்புத் தங்கைகளே, தீர்வை நாளை நினைத்து இப்போது நான் நடுங்குவதில்லை. ஆயாவின் வாசலில் நின்றபோதே அதில் சிறிது நடந்து முடிந்துவிட்டது. பதர் பறந்தது, மணி மிஞ்சிற்று. உங்கள் கணக்கிலும் எங்கேனும் ஓர் ‘ஐந்து’ விட்டுப்போயிருந்தால், கடைசி நாள் வரை காத்திராதீர்கள். இன்றே எடுத்துக்கொண்டு போங்கள்; கொடுக்கும்போது அவர்கள் முகத்தையும் பாருங்கள்.